பிறர் வளவில் ஒரு கடை

டூங்கபியில் இருந்து நகரத்துக்கு ரயிலில் போகிறவர்கள் சென்ட்ரல் நிலையத்துக்குப் பக்கத்தில் எழும்பிவரும் உயர்ந்த கட்டிடத்தைக் கண்டிருப்பீர்கள். அட்லாசியன் என்ற மென்பொருள் நிறுவனத்துக்காகக் கட்டப்படும் கட்டிடம் அது. அங்கே வேலை கிடைத்தால் போதும் என்று சொல்லும் பிள்ளைகள் எங்கள் சபை இளையோரில் உண்டு. பெற்றோரும் அதையே விரும்புகிறார்கள். ஆனால் அந்த நிறுவனத்தில் வேலைக்குச் சேராமலே, அதன் மென்பொருளோடு பொருத்தும் சிறிய துணைச் செயலிகளைச் செய்து விற்றுப் பிழைக்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எங்கள் வீடுகளில் பேச்சே எழுவதில்லை.

இதை எழுதும் நாங்கள் கணினி படித்தவர்கள் இல்லை. வைத்தியசாலையில் வேலை செய்துகொண்டு, இளையோர் கூட்டத்துக்கும் துணையாக நிற்கும் தாதிமார். "அக்கா, சொந்தமாக ஒரு ஆப் செய்து விற்கலாமா?" என்று தம்பி தங்கைமார் கேட்கும்போது சும்மா "செய்து பார்" என்று சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. அதனால் இந்தத் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் தேடிப் படித்தோம். எங்கள் வேலையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது எங்களுக்கே பல விஷயங்கள் விளங்கின. அவற்றை இங்கே பகிர்கிறோம்.

துணைச் செயலி என்றால் என்ன?

வார்டில் ஒரு கட்டிலைப் பாருங்கள். கட்டிலைச் செய்த நிறுவனம் ஒன்று. அதில் மாட்டும் சேலைன் கம்பி, பக்கத்தில் நிற்கும் மருந்து பம்ப், மெத்தைக்கு மேல் போடும் காற்றுப் படுக்கை எல்லாம் வேறு வேறு நிறுவனங்கள் செய்தவை. கட்டில் செய்தவர் எல்லாவற்றையும் தானே செய்யப் போனால் ஒன்றும் உருப்படியாக வராது. மற்றவர்கள் மாட்டக்கூடிய விதத்தில் துளைகளையும் கொளுவிகளையும் விட்டுவைப்பதே அவருடைய கெட்டித்தனம்.

மென்பொருளிலும் அப்படித்தான். அட்லாசியனின் முக்கியப் பொருள் ஜிரா. ஒரு குழுவின் வேலைகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, எதை யார் செய்கிறார், எது முடிந்தது, எது தேங்கி நிற்கிறது என்று காட்டும் பலகை அது. வார்டில் இருக்கும் வெள்ளைப் பலகையை நினைத்துக்கொண்டால் சரி. அடுத்தது கொன்ஃபுளுவன்ஸ். குழுவுக்குத் தேவையான குறிப்புகளையும் நடைமுறைகளையும் எழுதி வைக்கும் இடம்.

ஆனால் ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒவ்வொரு தேவை. ஒருவருக்கு ஊழியர் எத்தனை மணி நேரம் உழைத்தார் என்ற கணக்கு வேண்டும். இன்னொருவருக்கு வரைபடம் கீற வேண்டும். மற்றவருக்கு மேலதிகாரியின் ஒப்புதல் வாங்கும் வழி வேண்டும். இந்தச் சின்னத் தேவைகளை நிரப்புகிறவைதான் துணைச் செயலிகள்.

சந்தை பிறந்த கதை

நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்த மைக் கேனன்-புரூக்ஸ், ஸ்கொட் ஃபார்குவார் என்ற இருவர் 2002 இல் சிட்னியில் அட்லாசியனைத் தொடங்கினார்கள். கடனட்டையில் எடுத்த 10,000 டொலர்தான் கைமுதல். வீடு வீடாகப் போய் விற்க ஆட்களை வைக்க வசதி இல்லாததால், விலையை இணையத்தில் வெளிப்படையாகப் போட்டு, விரும்பியவர் தாமே வாங்கிக்கொள்ளும்படி விட்டார்கள். 2015 டிசம்பரில் நியூயோர்க் நாஸ்டாக் பங்குச் சந்தையில் அந்த நிறுவனம் ஏறியது.

ஆரம்ப நாள்களில் இருந்தே வெளியாட்கள் ஜிராவுக்குத் துணைச் செயலிகள் எழுதி வந்தார்கள். பலர் இலவசமாகவே கொடுத்தார்கள். காசுக்கு விற்க நினைத்தவர்களுக்குத்தான் சிக்கல். தங்கள் சொந்த இணையத்தளம், சொந்த இன்வொய்ஸ், சொந்தக் காசு வசூல் என்று எல்லாவற்றையும் தாமே பார்க்க வேண்டும். யாரும் கேள்விப்படாத இரண்டு பேர் கொண்ட குழுவுக்குப் பெரிய வங்கி ஒன்று லேசில் காசு கட்டாது. புதிய விற்பனையாளராகப் பதிவு செய்யவே மாதக்கணக்கு எடுக்கும்.

2012 இல் அட்லாசியன் மார்க்கெட்பிளேஸ் என்ற இணையச் சந்தையைத் திறந்தது. வாங்குகிறவர் ஜிராவுக்குக் காசு கட்டும் அதே வழியில் துணைச் செயலிக்கும் கட்டலாம். முதலில் 30 நாள் இலவசமாகப் பாவித்துப் பார்க்கலாம். பிடித்தால் வாங்கலாம். விற்கிறவர் எந்த நாட்டில் இருந்தாலும் பரவாயில்லை. சந்தைக்காரர் பெயரில் இருக்கும் நம்பிக்கை, கடைக்காரருக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது.

இது அட்லாசியன் கண்டுபிடித்த வழி என்று சொல்ல முடியாது. சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் அதற்கு முன்பே ஆப்எக்ஸ்சேஞ்ச் என்ற சந்தையை நடத்தி வந்தது. 2008 இல் அப்பிள் தன் ஆப் ஸ்டோரைத் திறந்தது. 2009 இல் ஷொப்பிஃபை திறந்தது. சென்னையில் வளர்ந்த சோஹோவும், 2010 இல் சென்னையில் தொடங்கி 2021 இல் நாஸ்டாக்கில் ஏறிய ஃபிரெஷ்வொர்க்ஸும் இதேபோன்ற சந்தைகளை நடத்துகின்றன. யாழ்ப்பாணத்தில் யாழ் ஐடி ஹப் போன்ற அமைப்புகள் இளையோரைத் தயார்படுத்தி வருகின்றன. ஆகவே டூங்கபியில் இருக்கும் பிள்ளைக்கும் யாழ்ப்பாணத்தில் இருக்கும் மச்சானுக்கும் மச்சாளுக்கும் ஒரே கதவு திறந்திருக்கிறது.

காசு எப்படி வருகிறது?

சந்தை திறந்த காலத்தில் கணக்கு எளிமையாக இருந்தது. 100 டொலருக்கு ஒரு துணைச் செயலி விற்றால் 25 டொலரை அட்லாசியன் எடுத்துக்கொள்ளும், 75 டொலர் செய்தவருக்கு வரும். அப்பிள் தன் சந்தையில் 30 வீதம் எடுத்தது. 2021 முதல், வருடத்துக்குப் பத்து லட்சம் அமெரிக்க டொலருக்குக் குறைவாக உழைக்கும் சிறியவர்களுக்கு அதை 15 வீதமாகக் குறைத்தது. இந்த வீதங்கள் காலத்துக்குக் காலம் மாறும். தொடங்க நினைக்கிறவர் அன்றைய ஒப்பந்தத்தைத் தாமே வாசிக்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 பேர் இருக்கும் அலுவலகம் ஒன்று, தலைக்கு மாதம் 1 டொலர் கட்டி உங்கள் செயலியைப் பாவிக்கிறது என்று வையுங்கள். மாதம் 40 டொலர். அதில் கால்பங்கு சந்தைக்குப் போனால் மிச்சம் 30. ஒரு அலுவலகத்தை நம்பி வீட்டு வாடகை கட்ட முடியாது. 100 அலுவலகங்கள் வந்தால் மாதம் 3,000. ஆனால் 100 அலுவலகங்கள் என்றால் 4,000 பேர். அவர்களில் யாருக்குப் பிரச்சினை வந்தாலும் கடிதம் உங்களுக்குத்தான் வரும். செய்து முடிப்பதோடு வேலை தீராது. நோயாளியை வார்டில் சேர்த்த அன்றோடு தாதியின் வேலை முடிந்தால் எப்படி இருக்கும்? அதே கதைதான்.

இப்படி விற்று நிலைத்தவர்கள் யார் என்று தேடிப் பார்த்தோம். டெம்போ என்ற நேரக் கணக்குச் செயலி ஐஸ்லாந்தில் பிறந்தது. அங்கே ஒரு மென்பொருள் நிறுவனம் தன் ஊழியரின் நேரத்தைக் கணக்கிடத் தனக்காகவே செய்தது, பிறகு தனி நிறுவனமாகவே பிரிந்து வளர்ந்தது. ஈஸி அஜைல் எங்களுக்குப் பக்கத்தில், வொலங்கொங்கில் இருக்கிறது. அட்லாசியனில் வேலை செய்த அனுபவமுள்ள இருவர் தொடங்கியது. இரும்பாலைக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டே உலகத்துக்கு விற்கிறார்கள்.

இவர்களுக்குள் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. தாங்கள் நன்றாக அறிந்த ஒரு வேலையின் ஒரு சின்ன நோவைப் பிடித்தார்கள். கணினி தெரிந்தவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். நோவு எங்கே என்று தெரிந்தவர்கள் குறைவு. அந்த விதத்தில் கணக்கியல் படிக்கிற தங்கைக்கும், களஞ்சியத்தில் வேலை செய்கிற தம்பிக்கும் இந்தக் கதையில் இடம் உண்டு. நோவை அறிந்தவரும் கோடிங் தெரிந்தவரும் சேர்ந்தால்தான் உருப்படியான பொருள் வரும்.

வளவுக்காரர் மனம் மாறினால்?

இனித்தான் கவனமாக வாசிக்க வேண்டிய பகுதி. பிறர் வளவில் கடை போட்டால், வளவுக்காரர் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் உங்கள் அடுப்பைத் தொடும்.

முதலாவது, வளவுக்காரரே அதே பொருளை விற்கத் தொடங்கலாம். கோட் பரல் என்ற சிறிய சிட்னி நிறுவனம், ஜிராவில் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளைத் தானாகச் செய்யவைக்கும் ஒரு துணைச் செயலியை இதே சந்தையில் விற்றது. 2019 இல் அட்லாசியன் அந்த நிறுவனத்தையே வாங்கியது. பிறகு அந்த வசதி ஜிராவுக்குள்ளேயே சேர்ந்து வந்தது. கோட் பரலுக்கு அது நல்ல முடிவு. ஆனால் அதே தேவைக்கு வேறு செயலி விற்றுக்கொண்டிருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். அவர்கள் காசுக்கு விற்ற பொருள், அடுத்த கடையில் பெட்டியோடு சேர்ந்தே வருகிறது.

இரண்டாவது, தரையே மாறலாம். முன்பு அலுவலகங்கள் ஜிராவைத் தங்கள் சொந்தக் கணினியில் நிறுவி வைத்திருந்தன. துணைச் செயலிகளும் அதற்கேற்றபடி எழுதப்பட்டன. 2021 பெப்ரவரியில் அட்லாசியன் அந்த சேர்வர் வகைக்குப் புதிய உரிமம் விற்பதை நிறுத்தியது. 2024 பெப்ரவரி 15 ஆம் திகதியோடு அதற்கான ஆதரவையும் முடித்துக்கொண்டது. பெரிய நிறுவனங்களுக்கான டேட்டா சென்டர் வகையும் 2029 மார்ச்சில் முடியும் என்று 2025 இல் அறிவித்தது. எல்லாம் மேகக் கணினிக்கு மாற வேண்டும். அங்கே எழுதும் முறையும் வேறு. முதலில் கனெக்ட் என்ற முறை வந்தது, செயலி விற்பனையாளரின் சொந்தக் கணினியில் ஓடும். பிறகு ஃபோர்ஜ் என்ற முறை வந்தது, செயலி அட்லாசியனின் கணினியிலேயே ஓடும். இப்போது புதியவர்களை ஃபோர்ஜ் பக்கமே அனுப்புகிறார்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணம் உண்டு. பாதுகாப்புக்கு அது நல்லது என்பதையும் நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு பேர் கொண்ட குழு, பல வருடம் எழுதியதைத் திரும்ப எழுத வேண்டும். அந்த மாதங்களில் புதிய வருமானம் வராது, பழைய வாடிக்கையாளரின் கடிதங்கள் மட்டும் நிற்காமல் வரும்.

23 நிமிடமும் 14 நாளும்

தாதிமாராகிய எங்களை மிகவும் யோசிக்க வைத்தது 2022 ஏப்ரல் 5 ஆம் திகதி நடந்த சம்பவம். அதன் நடுவில் இருந்தது ஒரு துணைச் செயலிதான்.

இன்சைட் என்ற செயலி, மைண்ட்வில் என்ற சுவீடன் நிறுவனத்துடையது. 2020 இல் அட்லாசியன் அந்த நிறுவனத்தை வாங்கி, செயலியின் வேலையைத் தன் பொருளுக்குள் சேர்த்துக்கொண்டது. ஆகவே வாடிக்கையாளரின் தளங்களில் தனியாகக் கிடந்த பழைய செயலியை அகற்ற வேண்டியிருந்தது. அதை அகற்றச் சொன்ன குழு, அகற்றும் குழுவுக்கு ஒரு பட்டியல் கொடுத்தது. பட்டியலில் செயலியின் அடையாள எண்கள் இருந்திருக்க வேண்டும். இருந்ததோ வாடிக்கையாளரின் முழுத் தளத்தின் அடையாள எண்கள். அழிக்கும் கருவி இரண்டு வகை எண்ணையும் ஏற்கும். "எதை அழிக்கப் போகிறீர்கள்?" என்று அது திரும்பக் கேட்கவில்லை.

23 நிமிடத்துக்குள் 883 தளங்கள் அழிந்தன. 775 வாடிக்கையாளர்கள் தங்கள் வேலைப் பலகையையே இழந்தார்கள். முறைப்பாடு செய்யும் படிவம் அவர்களுடைய தளத்தின் முகவரியைக் கேட்டது, அந்த முகவரியோ அழிந்துபோன தளத்துடையது. அதனால் பலரால் உதவி கேட்கவும் முடியவில்லை. எல்லோருக்கும் திரும்பக் கிடைக்க ஏப்ரல் 18 ஆனது.

கவனியுங்கள், சோதனை நடக்காமல் இல்லை. முதலில் 30 தளங்களில் ஓட்டிப் பார்த்தார்கள், சரியாக வந்தது. அந்த 30 இன் எண்கள், பிழையான பட்டியலுக்கு முன்பே எடுத்த சரியான எண்கள். சக ஊழியரின் பார்வைக்கும் வைத்தார்கள். அவர்கள் கட்டளை சரியா என்று பார்த்தார்கள். எண் யாருடையது என்று பார்க்கவில்லை.

மருந்து கொடுக்கும் முன் ஐந்தைச் சரிபார்க்க வேண்டும் என்று தாதிப் படிப்பில் எங்களுக்குச் சொல்லித் தருவார்கள்: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். பட்டியலில் நோயாளி முதலில் வருவது சும்மா இல்லை. மற்ற நான்கும் சரியாக இருந்தாலும் ஆள் மாறினால் உயிர் போகும். அதனால்தான் பத்து வருடம் அனுபவமுள்ள தாதியும் ஒவ்வொரு தடவையும் பெயர், பிறந்த திகதி, கைப்பட்டியில் உள்ள எண் என்று கேட்டுப் பார்க்கிறார். நேற்றுப் பார்த்த முகம்தானே என்று விடுவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அட்லாசியன் பிறகு ஒரு நீண்ட அறிக்கை வெளியிட்டது. எந்த ஊழியர் பிழை விட்டார் என்று அதில் பெயர் குறிக்கவில்லை. எந்த இடத்தில் நடைமுறை ஓட்டையாக இருந்தது என்று படிப்படியாக எழுதினார்கள். வைத்தியசாலையில் சம்பவ அறிக்கை எழுதும்போது நாங்களும் இதைத்தான் செய்ய முயல்கிறோம். ஆளைப் பிடித்துத் தண்டித்தால் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள், ஓட்டை அப்படியே இருக்கும். நாளைக்குக் கடை போடப் போகிற தம்பி தங்கைமார் இந்தப் பழக்கத்தையும் இன்றே படிக்கலாம்.

உங்கள் கையில் வரும் திறப்பு

துணைச் செயலி ஒன்றை நிறுவும்போது அது சில அனுமதிகளைக் கேட்கும். வாசிக்கலாமா, எழுதலாமா, அழிக்கலாமா என்று. அலுவலகம் "சரி" என்று அழுத்திய நிமிடத்தில் இருந்து, அந்தப் பலகையில் உள்ள பெயர்கள், முறைப்பாடுகள், சில வேளை இரகசியங்கள் எல்லாம் செய்தவரின் பொறுப்பில் வருகின்றன. மருந்து அலுமாரியின் திறப்பைக் கையில் தருவது போன்றது இது.

தேவைக்கு மேல் அனுமதி கேட்காதீர்கள். வாசித்தாலே போதும் என்றால் எழுதும் அனுமதி வேண்டாம். நோயாளியின் கோப்பு எங்களால் திறக்கக் கூடியது என்பதற்காக, எங்கள் பராமரிப்பில் இல்லாதவரின் கோப்பைத் திறந்தால் வேலை போய்விடும். அதே அளவுகோலை நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர்களைக் கொண்டு ஐந்து நட்சத்திரம் போடவைப்பதும் வேண்டாம். பிழை கண்டுபிடித்தால் வாடிக்கையாளர் கேட்கும் முன் சொல்லுங்கள். சிறிய கடைக்கு இருக்கும் ஒரே முதல் அதன் சொல்தான்.

தொடங்க முன் பார்க்க வேண்டியவை

டூங்கபியில் ஒரு அறையில் இருந்து தொடங்குகிறவர் கவனிக்க வேண்டியதைச் சுருக்கமாகத் தருகிறோம்.

வேலை ஒப்பந்தம்: ஏற்கனவே கணினி நிறுவனத்தில் வேலை செய்கிறீர்கள் என்றால், உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள். நீங்கள் உருவாக்கும் மென்பொருள் நிறுவனத்துக்கே சொந்தம் என்று எழுதியிருக்கலாம். வெளியே வேலை செய்ய முன் அனுமதியும் தேவைப்படலாம். எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

விசா: மாணவர் விசாவில் இருப்பவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரமே வேலை செய்யலாம். சொந்தத் தொழிலில் செலவிடும் நேரமும் வேலைதான். "வீட்டில் இருந்துதானே" என்று நினைக்க வேண்டாம்.

ஏபிஎன்: அரசாங்கத் தளத்தில் இது இலவசம். காசு கேட்கும் இடைத்தரகரிடம் போகத் தேவையில்லை. சொந்தப் பெயரில் இல்லாமல் வேறு பெயரில் நடத்தினால் அந்தப் பெயரை ஆசிக்கில் பதிய வேண்டும்.

வரி: வருட விற்பனை 75,000 டொலரை எட்டினால் ஜிஎஸ்டிக்குப் பதிய வேண்டும். வருமான வரிக்கு, இங்கு வதிவோருக்கு முதல் 18,200 டொலர் வரியில்லாதது. ஆனால் பகல் வேலையின் சம்பளமும் இதோடு சேரும். வரும் காசில் ஒரு பங்கைத் தனிக் கணக்கில் ஒதுக்கி வையுங்கள்.

பகல் வேலை: உடனே விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் பெற்றோருக்குக் காசு அனுப்புகிறவர்களும், வீட்டுக்கடன் கட்டுகிறவர்களும் எங்கள் நடுவில் பலர். ஒரு வளவுக்காரரின் ஒரு கடிதத்தில் நின்றுபோகக்கூடிய வருமானத்தில் முழுக் குடும்பத்தையும் ஏற்ற வேண்டாம்.

பெற்றோருக்கும் ஒரு சொல். பிள்ளை இரவில் கணினிக்கு முன்னால் இருந்தால் எல்லாம் விளையாட்டு என்று எண்ண வேண்டாம். என்ன செய்கிறாய், யாருக்கு அது உதவும் என்று கேளுங்கள். பதில் விளங்காவிட்டாலும் பரவாயில்லை. அந்தக் கேள்விக்கு விளங்கக்கூடிய விதத்தில் பதில் சொல்லப் பழகினால், வாடிக்கையாளருக்கும் பிள்ளையால் சொல்ல முடியும்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் படிப்பிலோ வேலையிலோ ஒவ்வொரு நாளும் எரிச்சல் தரும் ஒரு சின்ன நோவு எது? அதைத் தீர்க்க எத்தனை பேர் காசு கொடுப்பார்கள்?

2. 883 தளங்கள் அழிந்த அன்று, எந்த ஒரு கேள்வியை யார் கேட்டிருந்தால் அது நின்றிருக்கும்? உங்கள் வேலையில் அந்தக் கேள்வியைக் கேட்கிறவர் யார்?

3. பிறர் வளவில் கடை போடுவதா, சம்பளத்துக்கு வேலை செய்வதா? உங்கள் வீட்டு நிலைமையை வைத்து நேர்மையாகப் பேசுங்கள். எல்லோருக்கும் ஒரே பதில் வரத் தேவையில்லை.

கோடிங் தெரிந்த ஒருவரும், வேறு துறையில் நோவு அறிந்த ஒருவரும் எங்கள் இளையோர் கூட்டத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருக்கிறீர்கள். அடுத்த கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும்போது ஒருவரோடு ஒருவர் பேசிப் பாருங்கள்.